உயர்த்திய கெப்புக்கு எந்த ஹெடர்? வாங்க முதல் கொஞ்சம் வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். ஃபோர் வீல் கெப் வைத்திருக்கும் தம்பிமாரும், அதற்குக் காசு கொடுக்கும் வாப்பாமாரும் ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பக்கம் இப்போது பழைய கெப்களை உயர்த்துவது ஒரு மோகமாகிவிட்டது. முதலில் ஸ்பிரிங், பிறகு பெரிய டயர், அதற்குப் பிறகு ஹெடர். "எந்த ஹெடர் நல்லம்?" என்று கேட்டால் தேநீர்க் கடையிலும் கராஜிலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "குழாய் பெரிசாக இருக்க வேண்டும்". மற்றது, "சத்தம் கணக்காக வர வேண்டும்". இவை சும்மா முளைத்த பதில்கள் அல்ல. எழுபது வருடங்களுக்கு முன் இன்னொரு நாட்டில், இன்னொரு வகை வாகனத்துக்குச் சரியாக இருந்த பதில்கள். கை மாறிக் கை மாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தக் கதை தெரிந்தால் எதை வாங்குவது என்பதும், எப்போது வாங்காமல் விடுவது என்பதும் விளங்கிவிடும்.

இரும்புப் பெட்டியின் காலம்

ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஒட்டோ 1876இல் நான்கடிப்பு எஞ்சினை ஓட வைத்தார். உள்ளிழுத்தல், அமுக்குதல், எரிதல், வெளித்தள்ளல். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். நான்காவது அடிப்பில் வெளியே வரும் எரிந்த வாயுவை ஒன்றுசேர்த்துக் கொண்டுபோக எஞ்சினின் பக்கத்தில் பூட்டிய பாகம்தான் மெனிபோல்ட். வார்ப்பிரும்பில் ஊற்றிய தடித்த பெட்டி. செலவு குறைவு, வெப்பத்தைத் தாங்கும், இடத்தை அடைக்காது, பல வருடம் உழைக்கும், எஞ்சினின் சத்தத்தையும் ஓரளவு தனக்குள் அடக்கிக்கொள்ளும். கம்பனிகள் அதை விட்டுவிடாததற்கு நியாயம் இருந்தது.

சத்தத்தை அடக்க வேண்டும் என்ற எண்ணமும் பழையதே. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்போது அமெரிக்க வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் குதிரை வண்டிகள். மோட்டார் வாகனம் பரவும் முன்பே, அதன் சத்தம் மற்றவர்களுக்குத் தொல்லை என்று அதைச் செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

வார்ப்பிரும்புப் பெட்டியில் ஒரு குறை உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1500 தடவை வாயுவை வெளியே தள்ளுகிறது. நான்கும் சேர்ந்தால் செக்கனுக்கு 100 தடவை. ஒரே பெட்டிக்குள் இத்தனை துடிப்புகள் முட்டிக்கொள்ளும்போது, ஒரு சிலிண்டர் தள்ளிய வாயு மற்ற சிலிண்டரின் வழியை மறிக்கிறது. எரிந்த வாயு முழுவதும் வெளியேறாமல் உள்ளே கொஞ்சம் தங்கினால், அந்த அளவுக்குப் புதிய காற்றுக்கு இடம் குறையும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் கொடுத்து, கொஞ்சத் தூரம் ஓடவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்த்தால் என்ன? அதுதான் ஹெடர். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒரு துடிப்பு குழாயில் ஓடி, குழாய்கள் சந்திக்கும் இடத்தை அடைந்ததும், அங்கிருந்து ஒரு தாழ் அமுக்க அலை திரும்பி எஞ்சினை நோக்கி வரும். வெளியேற்று வால்வு மூடப்போகும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால், மிச்ச வாயுவை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த நேரம் உள்ளெடுக்கும் வால்வும் சற்றுத் திறந்திருப்பதால், புதிய காற்றையும் சேர்த்து இழுத்துத் தரும். எந்தச் சுற்றில் இந்த உதவி கிடைக்கும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நீளக் குழாய் குறைந்த சுற்றிலும், குட்டைக் குழாய் கூடிய சுற்றிலும் உதவும். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த ஏரிகளில் பிறந்த குழாய்

தென் கலிபோர்னியாவில் மியூரொக், எல் மிராஜ் போன்ற காய்ந்த ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றி, பாய் விரித்ததுபோல் கிடக்கும் களிமண் வெளிகள். பழைய ஃபோர்ட் கார்களை மலிவாக வாங்கி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்து, யார் அதிக வேகம் போவது என்று இளைஞர்கள் அங்கே போட்டி வைத்தார்கள். 1937இல் இதற்கென்றே தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து இளைஞர்கள் வீடு திரும்பியதும் இந்தப் பழக்கம் இன்னும் பெருகியது. 1948 ஜனவரியில் ரொபர்ட் பீற்றர்சன் 'ஹொட் ரொட்' சஞ்சிகையைத் தொடங்கினார். சில நூறு பேரின் விளையாட்டு நாடு முழுவதும் தெரிய வந்தது.

வீட்டுக் கராஜில் வெல்டிங் வைத்துச் செய்த குழாய்களும் கடைச் சாமான் ஆகின. பொப் ஹெட்மன் 1954இல் தொடங்கிய கம்பனியும், கரி ஹூக்கர் 1962இல் தொடங்கிய கம்பனியும் ஹெடர் விற்றே பெயர் எடுத்தன. இரண்டும் கலிபோர்னியாவில் பிறந்தவை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஏரியில் பள்ளமும் இல்லை, ஏற்றமும் இல்லை, சேறும் இல்லை. எஞ்சின் உச்சச் சுற்றில் நின்று ஓடினால் போதும். அதற்குப் பெரிய குழாய் சரி. பக்கத்தில் ஊரும் இல்லை, நித்திரை கொள்ள வீடும் இல்லை. ஆகவே சத்தமும் ஒரு பிரச்சினை அல்ல. "பெரிசாகப் போடு, சத்தமாகப் போடு" என்ற இரண்டு பதில்களின் சொந்த ஊர் அதுதான்.

மெதுவாகப் போவதற்கென்றே செய்த வாகனம்

நமது கெப்பின் பரம்பரை வேறு. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 கம்பனிகளுக்கு எழுதி, நான்கு சில்லும் இழுக்கும் ஒரு சிறிய வாகனம் கேட்டது. பன்டம் என்ற சின்னக் கம்பனி 49 நாட்களில் மாதிரியைச் செய்து, செப்டெம்பர் 23ஆம் திகதி மேரிலண்டில் ஒப்படைத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் ஆறு இலட்சத்துக்கு மேல் செய்து குவித்த ஜீப் இதன் வழிவந்ததே. வில்லிஸ் எஞ்சினின் வலு வெறும் 60 குதிரைவலு. ஆனால் அதன் முழு இழுவையும் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே வந்துவிடும். சேற்றிலும் மலையிலும் அதுதான் தேவை.

போருக்குப் பின் இதே பாதையில் மற்றவை வந்தன. 1946இல் டொட்ஜ் பவர் வெகன். 1947இல் வில்லிஸின் நாற்சில்லு இழுவைப் பிக்கப். 1948இல் இங்கிலாந்தின் லேண்ட் ரோவர். 1951இல் ஜப்பானில் டொயோட்டா ஒரு லொறி எஞ்சினைச் சிறிய ஜீப் போன்ற உடம்புக்குள் வைத்து 'பீஜே' என்று பெயரிட்டது. அது ஃபூஜி மலையின் ஆறாவது நிலையம் வரை ஏறிக் காட்டியது. 1954இல் அதற்கு லேண்ட் குரூசர் என்று பெயர் வந்தது. ஹைலக்ஸ் 1968இல் பிறந்தாலும், நாற்சில்லு இழுவை ஹைலக்ஸ் வெளிவந்தது 1979இல். நமது வயல் வரம்பிலும் கடற்கரையிலும் மீன் பெட்டியும் நெல் மூட்டையும் சுமக்கும் கெப்கள் இந்தக் குடும்பம்.

ஆக, ஹெடர் பிறந்தது உச்ச வேகத்துக்காக. நாற்சில்லு கெப் பிறந்தது குறைந்த சுற்றில் இழுப்பதற்காக. அமெரிக்கர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பூட்டத் தொடங்கியபோதுதான் சிக்கல்கள் தெரிய வந்தன.

உயர்த்தினால் என்ன மாறுகிறது?

வாகனத்தை உயர்த்துவதே பெரிய டயர் போடத்தான். 29 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குல டயர் போட்டால், முன்பு 3000 சுற்றில் போன அதே வேகத்துக்கு இப்போது எஞ்சின் சுமார் 2640 சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு கியரும் கொஞ்சம் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். டயரின் பாரமும் கூடிவிட்டது. அதாவது, உயர்த்திய கெப்புக்கு முன்பைவிடவும் குறைந்த சுற்றில்தான் இழுவை வேண்டும். அதே வாகனத்துக்குப் பெரிய விட்டமுள்ள குழாய் போட்டால் வாயுவின் ஓட்டம் மந்தமாகி, இருக்கும் அடி இழுவையும் குறைகிறது. வெறும் வீதியில் சத்தமாக ஓடும். பாரம் ஏற்றி மணலில் இறங்கினால் மூச்சு வாங்கும்.

அதனால் பெற்றோல் எஞ்சின் உள்ள உயர்த்திய கெப்புக்கு ஹெடர் தெரிவு செய்பவர் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, விட்டம். சிறிய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒன்றரை அங்குலம் அளவான குழாய் போதும். அதைவிடப் பெரிது பந்தயக்காரருக்கு.

இரண்டாவது, அமைப்பு. நான்கு குழாய் ஒரே இடத்தில் சேர்வது ஒரு வகை. நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாவது மற்ற வகை. எரியும் ஒழுங்கு 1-3-4-2 என்றால், 1உம் 4உம் ஒரு சோடி, 2உம் 3உம் ஒரு சோடி. இப்படிச் சோடி சேர்த்தால் துடிப்புகள் முட்டாமல் மாறி மாறி வரும். நடுச் சுற்றிலும் அடிச் சுற்றிலும் இழுவை பரவலாகக் கிடைக்கும். கெப்புக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வகை.

மூன்றாவது, இடம். நாற்சில்லு வாகனத்தில் முன் சில்லுக்குப் போகும் ஷாஃப்ட் ஒன்று கீழே சுற்றுகிறது. உயர்த்தியதும் அதன் கோணம் மாறுகிறது. இரு சில்லு இழுவைக்குச் செய்த ஹெடரை வாங்கி வந்தால், சேரும் குழாய் அந்த ஷாஃப்டில் உரசும், அல்லது ஸ்டியரிங் தண்டில் முட்டும். இதனால்தான் நாற்சில்லு இழுவைக்கென்று தனி வடிவம் செய்கிறார்கள். ஸ்பிரிங் முழுதாகத் தொங்கும்போதும், முழுதாக அமுங்கும்போதும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் பூட்ட வேண்டும். பிரேக் குழாயும் வயர்களும் பக்கத்தில் போனால் வெப்பத் தடுப்புத் தகடு அவசியம்.

நான்காவது, உலோகம். மெல்லிய தகட்டுக் குழாய் குலுக்கலில் வெடிக்கும். எஞ்சினோடு பொருந்தும் தட்டு மெல்லியதாக இருந்தால் வெப்பத்தில் வளைந்து வாயு கசியும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு. சாதாரண இரும்பைவிட நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கும். குழாயைச் சுற்றித் துணிப் பட்டி கட்டுவது ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைச் சீக்கிரம் அரிக்கும்.

டீசல் வைத்திருப்பவர்கள் கவனிக்க

நமது பக்கம் ஓடும் கெப்களில் கூடுதலானவை டீசல். இவற்றில் டர்போ பூட்டியவை நிறைய. டர்போவின் கதை 1905இல் சுவிட்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி பெற்ற காப்புரிமையில் தொடங்குகிறது. வெளியே போகும் வாயுவின் சூட்டையும் வேகத்தையும் கொண்டு ஒரு சில்லைச் சுற்றி, அந்தச் சில்லால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்குவதே டர்போ. அது மெனிபோல்டோடு ஒட்டியே இருக்கும். அங்கே வாயு சூடாகவும் நெருக்கமாகவும் வர வேண்டும். நீண்ட குழாய்களில் அலையவிட்டு ஆறவைத்தால் டர்போ பிந்தித்தான் எழும்பும். வார்ப்பிரும்பு மெனிபோல்ட் அங்கே ஒரு குறை அல்ல. அதுவே சரியான பாகம். டர்போ டீசல் கெப்புக்கு ஹெடர் தேடி அலைவது காசை ஆற்றில் போடுவதற்குச் சமம். டர்போ இல்லாத பழைய டீசலுக்கும் ஹெடரால் கிடைப்பது அற்பம். வெடித்த மெனிபோல்டை மாற்றி, கேஸ்கட்டைச் சரியாகப் போட்டு, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தால் அதைவிட வித்தியாசம் தெரியும்.

குழாயின் மறுமுனை

இதுவரை எஞ்சின் பக்கத்து முனையைப் பார்த்தோம். மறுமுனை திறப்பது நமது வீதியில்.

1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்வை கலந்தால் எஞ்சின் இடிக்காமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1924இல் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. பல பத்து ஆண்டுகளாக வாகனங்களின் பின்குழாய் வழியே ஈயம் பிள்ளைகளின் இரத்தத்துக்குள் போனது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு.

ஹெடர் பிறந்த அதே தென் கலிபோர்னியாவில் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்தது. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி, லொஸ் ஏஞ்சல்ஸில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் எப்படி உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோன் ஆகின்றன. 1970இல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ஊக்கி மாற்றி, அதாவது கெட்டலிட்டிக் கன்வேட்டர், பூட்டப்பட்டது. ஈயம் பட்டால் அந்த ஊக்கி கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாப் பெற்றோலும் கூடவே வந்தது.

சட்டம் வந்ததும் அதைச் சுற்றிப்போகும் வழியும் வந்தது. மொத்த நிறை 6000 இறாத்தலுக்கு மேற்பட்ட பிக்கப்களுக்கு அப்போது ஊக்கி மாற்றி தேவையில்லை. ஃபோர்ட் 1975இல் அந்த எல்லையைச் சற்றுத் தாண்டும்படி எஃப்-150ஐ வெளியிட்டது. இன்று உலகறிந்த அந்தப் பிக்கப்பின் தொடக்கக் கதை இது. இந்தச் சலுகையும் அதிக காலம் நிலைக்கவில்லை.

பிறகு கலிபோர்னியாவில், ஹெடர் விற்பவர் தனது குழாய் புகையைக் கூட்டாது என்று பரிசோதனையில் நிரூபித்து அரசிடம் ஒரு இலக்கம் பெற வேண்டும் என்றானது. அந்த இலக்கம் இல்லாத ஹெடர் வீதிக்கு ஆகாது. அதற்குக் காரணமும் உண்டு. நீண்ட ஹெடர் பூட்டினால் ஊக்கி மாற்றி எஞ்சினிலிருந்து தூரமாகி, சூடேறப் பிந்தும். சூடேறும்வரை அது வேலை செய்யாது. சிலர் ஹெடர் போடும் சாட்டில் அதை முழுதாகவே கழற்றி விற்றுவிடுகிறார்கள். அமெரிக்கச் சுற்றாடல் முகவர் நிலையம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து வருடத்துக்குள் 550,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் நீக்கப்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்போ 2012இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருந்தது.

நமக்கு இதில் என்ன?

இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலை நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். அந்த வகையில் நமது நாடு பிந்தவில்லை. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆனால் சான்றிதழ் வருடத்துக்கு ஒரு நாள். பரிசோதனைக்கு முன்தினம் பழைய குழாயைப் பூட்டி, மறுநாள் கழற்றுவது இருக்கிறதே, அதில் யாரை ஏமாற்றுகிறோம்? குழாய் திறக்கும் வீதியில் இருப்பது நமது உம்மாவும் நமது பிள்ளைகளும்.

நமது ஒழுங்கைகள் காய்ந்த ஏரிகள் அல்ல. மதிலும் மதிலும் முட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் நாற்பது நாள் பிள்ளை. அடுத்த வீட்டில் இழுப்பு நோயுள்ள மூத்தவர். இன்னொரு வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. நோன்பு இரவில் தராவீஹ் நடக்கும்போது பள்ளிவாசல் வீதியால் ஒரு கெப் உறுமிக்கொண்டு போனால், தொழுகையில் நிற்கும் நூறு பேரின் மனமும் அதன் பின்னால் போகிறது. அயலவருக்குத் தொல்லை கொடுப்பதை நமது மார்க்கம் எவ்வளவு பாரதூரமாக எடுத்திருக்கிறது என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

தம்பிமாரின் ஆசையை நாம் குறை சொல்லவில்லை. அந்த ஏரியில் குழாய் வளைத்தவர்களும் இவர்கள் வயதுதான். கையில் எண்ணெய் பட்டு ஒரு எஞ்சினை விளங்கிக்கொள்ளும் பிள்ளை, கைபேசியோடு படுத்திருக்கும் பிள்ளையைவிட நிறையப் படிக்கிறது. அந்த ஆர்வத்தோடு கணக்கும் சேர வேண்டும் என்பதுதான் நமது வேண்டுகோள்.

காசு கொடுக்க முதல் நான்கு கேள்வி கேளுங்கள். எனது எஞ்சின் பெற்றோலா, டர்போ டீசலா? எனக்கு இழுவை வேண்டியது எந்தச் சுற்றில்? இந்தக் குழாய் நாற்சில்லு இழுவைக்கும், நான் உயர்த்திய அளவுக்கும் பொருந்துமா? பூட்டிய பிறகு ஊக்கி மாற்றி, ஒட்சிசன் சென்சர், சைலன்சர் மூன்றும் அதனதன் இடத்தில் இருக்குமா? நான்காவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், மற்ற மூன்றும் சரியாக இருந்தாலும் அந்தச் சாமானை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் காசுக்கு நல்ல பிரேக் போடுங்கள். பெரிய டயர் போட்ட வாகனத்தை நிறுத்துவது முன்பைவிடக் கஷ்டம்.

கராஜ் வைத்திருக்கும் காக்காமார் இதில் கூட்டவோ குறைக்கவோ இருந்தால் கீழே எழுதுங்கள். வாசிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும். வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளை வீதியில் பாதுகாப்பானாக.